லுட்விகாவின் மூன்றாம் ஞாயிறு

லுட்விகா அக்காவைப் பற்றிக் கேட்டால் எங்கள் கடையில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் மட்டும் எழுந்து போய்விடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள்தான் மென்று விழுங்குவது?

கெல்சே நகரத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறதே, அந்தப் பல்பொருள் கடையில்தான் எங்கள் இருவருக்கும் பில் போடுகிற வேலை. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவள் கணவர் ஜெனோன் பக்கவாதம் வந்து, கை கால் தேறியும் நினைவு தேறாமல், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிராமக் காப்பகத்தில் இருந்தார். எங்கள் நாட்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டு என்பதால் அக்கா ஒன்பது இருபது பஸ்ஸைப் பிடித்து, கசகசா ரொட்டி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போவாள். வாரத்தில் கிடைக்கும் இன்னொரு விடுமுறை நாளில் ஒரு பல் மருத்துவரிடம் தரை துடைத்தாள்.

ஜெனோனுக்குக் கிழமை தெரியாது. மாதா கோயில் மணி அடித்தால் ஞாயிறு. உடனே கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று ஞாயிறு மட்டும் கடையைத் திறக்கலாம். ஆனால் ஓர் ஆளை அதில் இரண்டு ஞாயிறுதான் வேலைக்குப் போடலாம். அக்காவுக்கு விடுப்பு இரண்டாம் ஞாயிறு, எனக்கு மூன்றாவது. ஒரு வாரம்தானே இடைவெளி, சமாளிச்சுக்குவார் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

கெடுத்தவள் நான். என் மகள் அல்யாவுக்குக் கோயில் நாடகத்தில் தேவதை வேஷம், அதுவும் அந்த இரண்டாம் ஞாயிறு.

“அக்கா, மாத்திக்கலாமா? மூணாவது ஞாயிறு உங்களுக்கே உங்களுக்கு. சட்டமே சொல்லுது, யாரும் பிடுங்க முடியாது.”

“ரெண்டு வாரம் சேந்தாப்புல போகாம இருந்ததே இல்லடி, மஜேனா.”

“ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சது! றெக்கை வேற இன்னும் தைக்கல, நாடகத்து நடுவுல கழண்டு விழுந்தா மானமே போயிரும்.”

அக்கா சிரித்துவிட்டாள். “சரி போ. உன் தேவதை பறக்கட்டும்.”

போனும் போட்டாள். நர்ஸ் சொன்னதற்கு ஜெனோன் தலையாட்டினாராம். முதல் ஞாயிறு ஜன்னலிலேயே இருட்டும்வரை இருந்தார். இரண்டாம் ஞாயிறு மணி அடித்ததும் கோட்டோடு வெளியே போய், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பஸ் வந்தது, அக்கா இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் உட்கார்ந்தார். உறைபனியில் இரண்டு மணி நேரம். அங்கே அவர் விறைத்துக்கொண்டிருந்தபோது நான் இங்கே கைதட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காய்ச்சல். புதன் போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை அடக்கம். கல்லறையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பளாரென்று ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மூன்றாம் ஞாயிறு. கடை திறந்ததுமே அக்கா சீருடையோடு வந்து, என் பக்கத்து பில் மேசையில் உட்கார்ந்தாள். மேலாளர் கிங்கா பதறிப்போய் ஓடிவந்தாள்.

“அக்கா, இன்னைக்கு உங்களை உக்கார வெக்க முடியாது. ரெண்டு ஞாயிறு முடிச்சுட்டீங்க. லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா என் வேலை போயிரும்.”

“சம்பளம் வேண்டாம்மா. சும்மா செய்யுறேன்.”

“அதுவும் கூடாதுக்கா. இது உங்க ஞாயிறு. வீட்டுக்குப் போங்க.”

“இந்த ஞாயிறை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

கிங்காவின் வாயிலும் சட்டம்தான், நான் சொன்ன அதே சட்டம். அக்கா எழுந்து, சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் என் வரிசையில் ஆறாவது ஆளாக நின்றாள். கூடையில் கசகசா ரொட்டி மட்டும், இரண்டு துண்டு.

அவள் முறை வந்தபோது ரொட்டியை எடுத்து பில் போட்டேன். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது.

“பஸ் கெளம்பியிருக்கும்,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கேக்கவே மறந்துட்டேன் பாரு. புள்ள நல்லா நடிச்சாளாடி? றெக்கை கழண்டு விழலையே?”

“விழலக்கா,” என்றேன்.

“நல்ல வேளை,” என்றாள் லுட்விகா அக்கா. நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள்.