தோல்வியே காணாத அணி

இன்று துபாய்க் கடையொன்றில் தசைவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியதும், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்து, பிறகு துறைமுகக் கொள்கலன்களுக்கு அடியில் காணாமல்போன அந்த மணல் மைதானம் நினைவுக்கு வந்தது. மாலைதோறும் சுடுமணலும் டீசல் வாடையும் காலில் தேய்த்த தைல நெடியுமாக, அண்ணாவின் கல்லூரிக் கால்பந்து அணி அங்கேதான் பயிற்சி செய்யும். அந்தப் பருவம் முழுக்க அவர்கள் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. கோல் காத்தது அண்ணா; கோல் போட்டதெல்லாம் சலீம் என்ற, வகுப்பில் யாருமே கண்டிராத தாடி வைத்த ஆள்.

"உந்தத் தாடிக்காரன் என்ன படிக்கிறான்?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வெல்லுறம்தானே, விடுங்கோ அம்மா" என்று அண்ணா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவார். அவன் மாணவன் என்று அம்மா நம்பவில்லை, நானும்தான்.

துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்த அப்பாவுக்கு இறுதியாட்டத்தன்றுதான் லீவு கிடைத்தது. சலீமின் கோலில் சாம்பியனாகி, கோப்பையோடு கூத்தாடி வந்த கூட்டத்தில், அப்பாவைக் கண்டதும் சலீம் மட்டும் அப்படியே நின்றுவிட்டான்.

"சார்... காய்ச்சல்னு சொன்னது பொய்தான். நாளைக்கு டியூட்டிக்கு வந்துடுறேன்."

அப்பா அவனிடமிருந்து திரும்பினார். அண்ணாவைப் பார்த்து, "இவன் எங்கட துறைமுகத் தொழிலாளி எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணா கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி, தோற்ற அணியின் கோல் காப்பாளர் கையில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.