குமரேசன் பார்வையிட்ட ஐந்தாம் பக்கம்

திருத்தணி மலைமேல் முடிகாணிக்கை மண்டபத்தில் குமரேசன் மொட்டையடிக்க உட்கார்ந்திருக்கும் பக்கம் அழுகைக்குப் பஞ்சமே கிடையாது. முதல் மொட்டைக்கு வந்த குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமுக்கிப் பிடித்திருப்பான். அது கத்தி ஊரைக் கூட்டும். குமரேசன் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம் விழாது. முகம் கலங்கினால் கை கலங்கும், கை கலங்கினால் பிஞ்சு மண்டையில் ரத்தம் வரும். பதினெட்டு வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த முகத்தோடுதான் போன வருஷம் கோர்ட்டுக்கும் போனான். மனைவி தமிழ்செல்வி பிரிந்து அம்மையார்குப்பத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். மகள் யுவஸ்ரீ யாரிடம் வளர்வது என்று வழக்கு. குழந்தைகளை விசாரிக்கும் அரசு அதிகாரி ஒருவர் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசி அறிக்கை கொடுத்தார். தீர்ப்பு தாய் பக்கம் போயிற்று. குழந்தையின் விருப்பமும் அதுதான் என்று தீர்ப்பில் இருந்த ஒற்றை வரி குமரேசனைப் பாடாய்ப் படுத்தியது.

அப்பன் வேண்டாம் என்று ஒன்பது வயசுப் பெண்ணுக்குச் சொல்ல எப்படி மனசு வந்தது? மாமன்காரன் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றார்கள் மண்டபத்தில். அப்படியே இருக்கட்டும் என்று இவனும் சாமியை வேண்டிக்கொண்டான். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கலாம்; ஆனால் விசாரணையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். பரோட்டா வாங்கிக் கொடுத்து, அவள் தின்பதைப் பார்த்துவிட்டு, மச்சானிடம் திருப்பி ஒப்படைப்பான். பிறகு வாடகை அறைக்கு வந்து, பேச ஆளில்லாமல் டி.வி.யைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த அறிக்கையின் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டான். மூன்றாம் நபர் விவரம், தர இயலாது என்று பதில் வந்தது. பெற்ற அப்பன் எப்படியய்யா மூன்றாம் நபர் என்று தபால்காரரிடம் சண்டைக்குப் போனான். பாவம், அவர் என்ன செய்வார்? மேல்முறையீட்டில்தான் வழி பிறந்தது. நகல் கிடையாது, நேரில் வந்து ஒரு மணி நேரம் பார்வையிடலாம்.

திருவள்ளூரில் ரயில் இறங்கி, அறிக்கை கொடுத்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனான். எழுத்தர் ஷோபனா கோப்பைப் பிரித்து ஐந்தாம் பக்கத்தைக் காட்டினார்.

"போட்டோ புடிக்கக் கூடாதுங்க. படிச்சுட்டுக் குடுங்க."

பெண் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் வேணும். ஒருத்தர்தான்னா அம்மாகிட்ட இருக்கேன். நான் இல்லன்னா அம்மா அழுதுகினே இருப்பாங்க. நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது. மலையில நானே பாத்துகீறேன். எத்தினி பாப்பா அழுதாலும் நைனா அழவே மாட்டாரு."

யாரும் சொல்லிக்கொடுத்த பேச்சில்லை இது. நாலு வயசிலேயே மண்டபத்துத் தூணருகே உட்கார்ந்து அவள் பார்த்ததுதான். வழக்கு நடந்த நாட்களில் கோர்ட் வராந்தாவில் கையை விட்டுப் பிரிந்தபோதெல்லாம், "போயிட்டு வா கண்ணு" என்று சிரித்துத்தான் அனுப்பினான். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததை அவளுக்கு யார் போய்ச் சொல்லியிருக்க முடியும்? அவன் கர்வப்பட்ட அந்த முகத்தைப் பிள்ளை அப்படியே நம்பிவிட்டது.

மறுபடியும் மறுபடியும் படித்தான். பிறகு எழுத்தே தெரியவில்லை. முன்பின் தெரியாத அந்த அலுவலகத்தில், எல்லார் எதிரிலும், குமரேசன் வாய்விட்டு அழுதான்.

ஷோபனா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் பொறுத்துப் பதிவேட்டையும் நகர்த்தினார்.

"நேரம் ஆச்சுங்க. பார்வையிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கியவன் தயங்கினான்.

"மேடம், நான் அழுதேன்னு இதுல ஒரு வரி எழுதிக்கட்டுங்களா? நாளைக்கு எம் பொண்ணு பெரிசாயி வந்து இதப் பாத்தா..."

ஷோபனா பதிவேட்டைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"கையெழுத்துக்கும் தேதிக்கும்தாங்க எடம் இருக்கு."

குமரேசன் கையெழுத்துப் போட்டான். தேதியும் போட்டுக் கொடுத்தான்.