இறங்கி உருட்டிய பாலம்

போன ஞாயிறு காலை கதவைத் திறந்தால், முற்றத்தில் என் மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பூனைகள். ஒன்று சீற்றில் ஏறிப் படுத்திருக்கிறது. இன்னொன்று பின் மட்காட்டை ஆசையோடு நக்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிமுனையில் உள்ள அத்தனை பூனைகளுக்கும் யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. காரணம் மட்டும் தெரியும். முதல்நாள் மாலை கிளாரன்ஸ் வந்து, வண்டியின் இரும்பு முழுக்க மீனெண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தான். உப்புக்காற்றுக்கு அதைவிட மருந்து கிடையாது என்பது அவன் கட்சி. கிளாரன்ஸ் படகு எஞ்சின் திருத்துகிறவன். சக்கரம் உள்ள எதையும் கரையில் ஏற்றிவிட்ட படகாகத்தான் பார்ப்பான்.

பூனைகளைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே கொழும்பிலிருந்து மகன் ஃபோன் எடுத்தான். வண்டி திருத்தி முடிந்த செய்தி எனக்கு முன்னாலேயே அவனுக்குப் போய்விட்டது. ஊர் அப்படி.

"அம்மா, சொன்னாக் கேக்கமாட்டியள் எண்டு தெரியும். ரவுணுக்குள்ள ஓடுங்கோ. கோயிலுக்குப் போங்கோ, மாக்கெட்டுக்குப் போங்கோ. பாலம் மட்டும் தாண்டாதேங்கோ."

"ஓம், ஓம்" என்று வைத்துவிட்டேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், நான் அந்த வண்டியை வாங்கினதே பாலம் தாண்டத்தான். கோயிலுக்கு நடந்தே போகலாம்.

மீனெண்ணெய் நாற்றம் இருக்கிறதே, அது கையை விட்டுப் போகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும், தேசிக்காய் பூசினாலும் போகாது. அன்று காலை தேத்தண்ணிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அந்த மணம் அடித்தது. அடித்ததும் எனக்கு வயது இருபத்தாறு.

அப்போது கால்நடைக் கந்தோரில் எனக்கு வெளிவேலை. மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, கோழிக்குக் கண்ணில் சொட்டு. ஊர் ஊராகப் போக வேண்டும். என் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் நான் மாட்டு மிஸ். இன்றைக்கும் சந்தையில் யாராவது "மாட்டு மிஸ்!" என்று கூப்பிட்டால் உடனே திரும்புவேன். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துவிடுவேன்.

பெண்களுக்கென்று கந்தோரில் சின்னச் சக்கர வண்டி ஒன்று தந்தார்கள். அது தெருவில் நன்றாகத்தான் ஓடும். ஆனால் மாடு தெருவிலா நிற்கிறது? பாலத்துக்கு அந்தப் பக்கம், நறுவிலிக்குளத்து வயல் பாதையில் மாரியில் சேறு, கோடையில் மணல். அந்தச் சின்ன வண்டி நான்கு முழம் போவதற்குள் என்னைக் கீழே தள்ளிவிட்டுத் தானும் படுத்துவிடும். கந்தோர்க் கொட்டிலில் இருநூறு சீசீ வண்டி ஒன்று சும்மா நின்றது. அதை ஓடினவர் கனடாவுக்குப் போய்விட்டார். நான் போய்க் கேட்டேன்.

"பிள்ளை, அது ஆம்பிளையளின்ர வண்டி" என்றார் பெரிய ஐயா.

"ஐயா, மாடு ஆம்பிளை பொம்பிளை பாத்து உதைக்கிறேல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வண்டித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தக் காலத்தில் சீலைதான் உத்தியோக உடுப்பு. சீலையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு, கிணற்றுக் கட்டிலோ வரம்பிலோ ஏறி நின்றுதான் வண்டியில் ஏறுவேன். கால் நிலத்துக்கு எட்டாது. அதனால் நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்டிக்கும் எங்கள் ஆட்கள் மீனெண்ணெய்தான் பூசினார்கள். ஊர் நாய்கள் பின்னால் ஓடிவரும். நறுவிலிக்குளத்து மாடுகளுக்கோ வண்டிச் சத்தம் கேட்டாலே போதும், வாலைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் ஓட்டம் பிடிக்கும். "மாட்டு மிஸ் வாறா, பிடிச்சுக் கட்டுங்கோ!" என்று பின்னால் ஊரே ஓடும். என்ன வாழ்க்கை அது! சிரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், பாலம் வரும்வரைக்கும்.

சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் கதை அங்கேதான் வந்து நிற்கிறது. மன்னார் ஒரு தீவு. பெருநிலத்துக்குப் போகக் கடலுக்குள்ளால் ஒரே ஒரு தெரு, அதில் ஒரு பாலம். சண்டைக் காலத்தில் அந்தப் பாலத்தடியில் ஆமிச் சென்றி, அதாவது காவல் சாவடி, இருந்தது. வரிசையாகத் தார்ப் பீப்பாக்கள், மண்மூட்டைகள், தகரக் கூரை. முதல் பீப்பாவில் இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடைசிப் பீப்பா வரைக்கும் வண்டியை உருட்ட வேண்டும். "பஹின்ன. தல்லு கரன்ன." இறங்கு, தள்ளு. டொக்டரும் இறங்கினார், ஃபாதரும் இறங்கினார், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரரும் இறங்கினார்கள். போகும்போதும் இறங்க வேண்டும், வரும்போதும் இறங்க வேண்டும்.

என் வண்டியின் பின்னால் தடுப்பூசிப் பெட்டி. உள்ளே ஐஸ். வரிசையில் நிற்க நிற்க ஐஸ் கரையும், மருந்து கெடும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஹரக்குன்ட பெஹெத், மஹத்தயா." மாட்டுக்கு மருந்து, ஐயா. நான் படித்த முதல் சிங்களம் அதுதான். ஒருநாள் சென்றியில் நின்ற ஆமிப் பொடியன் ஒருவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தன் அம்மாவின் பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான், பசு சுகம். நல்ல பிள்ளை. அன்றும் இறங்கித்தான் உருட்டினேன்.

பிறகு அந்தச் சோளகக் காற்று நாள். உருட்டிக்கொண்டு போகையில் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது பாருங்கள், வண்டி என்மேல் சாய்ந்துவிட்டது. இடது முழங்கால் தாரில் அடிபட்டது. பெட்டி உடைந்து, மருந்துக் குப்பிகள் உருண்டு, ஐஸ் தெருவில் சிதறியது. வரிசையில் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். ஒருவரும் வரவில்லை, வரிசையை விட்டு அசையக்கூடாது என்பதால் அவர்களால் வர முடியவில்லை. சீலை கிழிந்து, கால் இரத்தமாக, அந்தப் பாரத்தை நானே தூக்கி நிறுத்தி, கடைசிப் பீப்பா வரைக்கும் உருட்டினேன். அழுதேன். நோவில் அழவில்லை, அவமானத்தில் அழுதேன். அன்றைக்கு எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்: ஒருநாள், ஒரே ஒருநாள், ஏறின காலை இறக்காமல் இந்தப் பாலத்தைக் கடப்பேன்.

நடந்ததா? இல்லை. கலியாணம் வந்தது, மகன் வந்தான், மேசை வேலை வந்தது. வண்டியை ஏலத்தில் கொடுத்துவிட்டார்கள். சண்டை முடிந்தது, புதுப் பாலம் வந்தது, சென்றியையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் பாலம் தாண்டினேன், எல்லாம் பஸ்ஸில். பஸ்ஸில் போவதைக் கணக்கில் எடுப்பதா? என் மனுசன் கண்ணை மூடின பிறகு, நான் தனியாக இருக்கிறேன் என்று மகன் சின்ன ஸ்கூட்டி ஒன்று வாங்கித் தந்தான். அதைத் தங்கச்சியின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு.

கிளாரன்ஸைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போனேன். தோட்டவெளி ஊரில் ஒருவர் இருநூற்றைம்பது சீசீ வண்டி இரண்டு வைத்திருந்தார். ஒன்று புதுப் பெயின்ற் அடித்து மினுங்கிக்கொண்டு முன்னால் நின்றது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, முழுக்கதையும் கிளாரன்ஸோடுதான். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மகனுக்கோ அன்ரி?"

"இல்லை. எனக்கு."

"சும்மா பகிடி விடாதேங்கோ. உது பொம்பிளையளுக்குப் பாரம்."

"தம்பி, நான் உம்மட வயசில நாம்பன் மாட்டை மடக்கி ஊசி போட்டனான். உது சும்மா நிக்கிற இரும்பு."

மன்னாரில் மினுங்குகிற இரும்பை நம்பக்கூடாது. உப்புக்காற்று தின்னாத இரும்பு இந்தத் தீவில் இல்லை. மினுங்கினால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குனிந்து அடியில் தட்டிப் பார்த்தேன். பெயின்ற் பப்படம் மாதிரி உதிர்ந்தது. மற்றதைப் பின்னால் கோழிக்கூட்டுக்கு அருகில் விட்டிருந்தார். கோழி எச்சமும் துருப்பிடித்த கறளுமாகப் பார்க்கச் சகிக்காது. ஆனால் கறள் மேலாகத்தான். வலது காலால் கிக்கரை மெல்ல அமர்த்தினேன். எஞ்சின் உள்ளிருந்து காலைத் திருப்பித் தள்ளியது. உயிர் இருக்கிறது. நல்லகாலம், கிக்கர் வலது பக்கம். என் பழுதுக் கால் இடது.

"உந்தப் பழசையே எடுக்கப் போறியள்?" என்றார் அவர்.

"ஓம், உந்தப் பழசைத்தான்."

பிறகு மாதக்கணக்கில் என் முற்றம் கராஜ். கம்பி பிரஷால் கறள் சுரண்டினது நான். வயர் மாற்றினது, பிரேக் பார்த்தது, காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினது கிளாரன்ஸ். சீற்றின் பஞ்சை வெட்டி உயரத்தைக் குறைத்தோம். இந்த வயதில் கிணற்றுக்கட்டைத் தேடிக்கொண்டு திரிய ஏலாது. ஒரு கூத்தும் நடந்தது. "டாங்கிக்குள்ள டீசலும் மட்டிச் சிப்பியும் போட்டு ஆட்டினா கறள் எல்லாம் கழண்டிடும் அக்கா. படகு டாங்கிக்கு நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது" என்றான் கிளாரன்ஸ். டாங்கியை இடுப்பில் வைத்துக் குழந்தைப்பிள்ளையை ஆட்டுவது போல ஆட்டினேன். கறள் வந்தது உண்மை. ஆனால் சிப்பி உள்ளே நொறுங்கி, அடுத்த ஒரு கிழமை முழுவதும் வண்டி பத்து யார் தூரம் ஓடி இருமி இருமி நின்றது. பள்ளிமுனையில் நான்தான் பெற்றோலுக்குள் சிப்பி குளித்தவள்.

தெருவில் என்ன பேசினார்கள் என்பதும் தெரியும். "கிழவிக்கு விசர்." தங்கச்சி நேரிலேயே சொன்னாள்: "நாய் வாலை நிமித்தேலாது." நிமிர்த்த வேண்டாமே! என் வயதுக்காரிகள் முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு கதிரையில் இருக்கிறார்கள். நானும் தைலம் பூசுகிறேன். பூசிவிட்டு எழும்புகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி ஃபாதரைக் கூப்பிட்டேன். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார்.

"கொஞ்சமாத் தெளியுங்கோ ஃபாதர், கறள் பிடிச்சிடும்."

"மெதுவா ஓடுங்கோ மிஸ். எங்க, வீட்டுக்கோ?"

"ஓம் ஃபாதர்" என்றேன். கோயில் வாசலில் வைத்துச் சொன்ன பொய்.

ரவுண் கடைத்தெருவைத் தாண்டினேன். இரண்டு பக்கமும் கடல். காற்று முகத்தில் அடிக்க, எஞ்சின் நிதானமாக ஓடியது. எனக்கு வந்த சந்தோசத்தில் பாட்டுக்கூடப் பாடினேன், நல்லகாலம் யாருக்கும் கேட்கவில்லை. பாலம் நெருங்கியது. அடுத்து நடந்தது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. பார்த்தால், எஞ்சின் நின்றிருக்கிறது. நான் தெருவில் நிற்கிறேன். இரண்டு கையும் ஹாண்டிலில். குனிந்த தலையோடு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் ஐஸ் லொறி ஒன்று வந்து நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினான். மகனைவிட இளையவன்.

"அன்ரி, வண்டி பழுதோ? ஏத்திக்கொண்டு போகவோ?"

"இல்லைத் தம்பி. வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் பழுது."

"அப்ப ஏன் இதில இறங்கினீங்கள்?"

"இதில ஒரு சென்றி இருந்தது."

அவன் தெருவைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எதில?"

கையைக் காட்டினேன். காட்டின இடத்தில் தார் இருந்தது, வெயில் இருந்தது. பீப்பா நின்ற தடம்கூட இல்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு லொறியை எடுத்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த லொறிப் பொடியனில் இல்லை, ஆமியில்கூட இல்லை. என் காலில்! சென்றியைக் கட்டினவர்களே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இந்தக் கால் இன்னும் காவல் காத்துக்கொண்டு நிற்கிறது. மூச்சு வாங்க வண்டியைத் திருப்பினேன். பாலத்து விளிம்பில் கால் வைத்து ஏறினேன். கிக்கரை உதைத்தேன். ரவுண் எல்லை வரைக்கும் திரும்ப ஓடி, அங்கிருந்து மறுபடி வந்தேன்.

இந்தமுறை காலோடு சண்டை. அந்த இடம் வர இடது கால் மிதியை விட்டுத் தூக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திருப்பி அமர்த்தினேன். முழங்கால் விண்ணென்று வலித்தது. வலிக்கட்டும். முதல் பீப்பா நின்ற இடம் போனது. மூட்டை அடுக்கியிருந்த இடம் போனது. தகரக் கூரை போனது. கடைசிப் பீப்பாவும் போனது. ஒருவரும் "பஹின்ன" என்று சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பதிலை இனி யாரிடம் சொல்வது? அதற்காகச் சொல்லாமல் விடுவேனா? கியரை மாற்றி, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"இறங்கமாட்டன்!"

விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னேன். "பஹின்னே நே!" பாலத்துக்குக் கீழே தண்ணீரில் நின்ற நாரைகள் எழும்பிப் பறந்தன. நறுவிலிக்குளம் போய்ச் சேரும்வரைக்கும் நான் இறங்கவில்லை.