'நாங்க' என்றுதான் பேச வேண்டும்

அவளை எல்லோரும் கண்ணாடிக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் திருகு மாட்டிக்கொடுப்பாள். விடுமுறை நாளில் வழிபாட்டுக்கூடத்தின் பின்னறையில் போனுக்கு முன்னால் உட்காருவாள். படுத்த படுக்கையானவர்களுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் இரவல் கொடுக்கிற அமைப்பு ஒன்று அங்கே நடக்கிறது. வாங்க வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அவள் சேர்ந்த புதிதில் பொறுப்பாளர் சொல்லியிருந்தார்: "நான்னு பேசாதீங்க, நாங்கன்னு பேசுங்க. கடவுளை நீங்களா இழுக்காதீங்க. அவங்களா கேட்டா மறைக்காதீங்க. குணமாயிடும்னு மட்டும் யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க."

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் அமைப்பின் கட்டிலில்தான் பல மாதம் கிடந்தார். அதிலேயே போய்ச் சேர்ந்தார். கட்டிலை அவளே துடைத்துத் திருப்பி அனுப்பினாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. கொஞ்ச நாளிலேயே மறுபடி வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் ஒரு பெண் போனில் பேசினாள். தன் கணவருக்குப் பக்கவாதம் என்றாள். கட்டில் வேண்டும்.

"இருக்குங்க. நாளைக்கு நாங்களே கொண்டுவந்து போட்டுத் தர்றோம்."

"இதுக்கு முன்னாடி அதுல படுத்திருந்தவங்க எந்திரிச்சு நடந்தாங்களா?"

அறையில் ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம் இருந்தது. சுவரோரம் மடக்கி நிறுத்தியிருந்த அதை, தன் கணவர் கிடந்த அதே கட்டிலை, அக்கா பார்த்தாள்.

"அடுத்தவங்க விஷயத்தை நாங்க சொல்றதில்லைங்க. நல்லா துடைச்சு, சக்கரமெல்லாம் சரிபார்த்துத்தான் குடுப்போம்."

"சரிங்க. கடவுள் பேரால நடத்துறவங்க நீங்க. எங்களுக்காகப் போன்லயே ஒரு வார்த்தை வேண்டிக்குங்களேன்."

எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைகள்தான். "நாங்க உங்களுக்காக..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் போகவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

"எனக்கு இப்ப வேண்டிக்க வரலம்மா. வாயால சும்மா சொன்னா உங்களை ஏமாத்துன மாதிரி ஆயிடும். பக்கத்துல ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட குடுக்குறேன்."

பொறுப்பாளர் ரிசீவரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, தணிந்த குரலில் வேண்டிவிட்டு வைத்தார்.

"'நாங்க'ன்னு சொல்லாம 'எனக்கு'ன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"காதுல விழுந்துச்சு" என்றார் பொறுப்பாளர். "நாங்கன்னு சொல்லச் சொன்னது பொய் சொல்றதுக்கில்ல. ஆனா அந்தம்மா மனசு என்ன பாடுபட்டுச்சோ, அதுவும் தெரியல."

அன்றிலிருந்து, வேண்டிக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் அவர் பேசினார். மற்றதை அவள் பார்த்துக்கொண்டாள். இது அவளுக்கு நிம்மதியாகவும் இல்லை, அவமானமாகவும் இல்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "வேண்டிக்க வரலன்னு சொன்னாங்களே, அந்தக்கா இருக்காங்களா?"

"நான்தான் பேசுறேன்."

"படுத்தே கிடந்து இவருக்கு முதுகெல்லாம் சிவந்து போச்சுக்கா. உங்ககிட்ட கேட்டா உள்ளதைச் சொல்வீங்கன்னு தோணுச்சு."

முதலில் நர்சிடம் காட்டச் சொன்னாள். பிறகு, ஆளை எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது என்று நிதானமாகச் சொன்னாள். அந்தப் பெண் நடுநடுவே "ம்" கொட்டினாள். ஒரு தடவை அழுதாள். அக்கா காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

போனை வைத்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ருசி தெரியவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.