ஆறரை மணி ஆட்டம்

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம், எங்கள் ஆரணியில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பட்டுச் சேலைக் கடையில் கடிதம் எழுதும் வேலை. சரக்கு அனுப்பத் தாமதமானால், வெளியூர்க் கடைக்காரர்களுக்கு மனம் கோணாதபடி ஒரு காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். மற்ற நேரமெல்லாம் கால்பந்துதான். ஆடத் தெரியாது. ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். அதனாலேயே என்னைப் போட்டிக் கமிட்டிக்குச் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள்.

அந்த வருடம் கோட்டை மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆட்டம். எங்கள் ஊர் அணி முதல் தடவையாக அரை இறுதிக்கு வந்திருந்தது. எதிரணி, கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மீனவர்கள். கார்த்திகையில் இரண்டு முறை வந்து சாயங்கால வெயிலில் ஆடி, இரண்டு அணிகளைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெறுங்காலோடு அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மைதானத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. பந்துக்குக் காற்றடிப்பது அங்கேதான் என்பதால், கால்பந்துப் பைத்தியங்கள் எல்லாம் கூடுவதும் அங்கேதான். யார் ஜெயிப்பார்கள், எத்தனை கோல் என்று வாரம் முழுக்க வாய்ச்சண்டை நடக்கும். எனக்கு எதிராக எப்போதும் நிற்பவர் ஒரு நைனார். அரிசி மண்டி வைத்திருந்த சமணக் குடும்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார்.

அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கடற்கரையில் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது. ஆரணியிலோ விடியற்காலையில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, அப்படிப் பனி கொட்டும். ஆட்டத்தைச் சாயங்காலத்திலிருந்து காலை ஆறரை மணிக்கு மாற்றிவிட்டால்? வெயிலில் ஆடிப் பழகியவர்கள் விறைத்துப் போவார்கள். குளிர் எங்கள் குளிர். எங்கள் பையன்களுக்கு அது பிறந்த நாளிலிருந்து பழக்கம்.

"மூணு கோல், அவங்க முட்டை" என்று அறிவித்தேன்.

சைக்கிள் கடைக்காரர் துள்ளிக் குதித்தார். "இன்னா மூளைப்பா உனுக்கு! ஜல்தியா லெட்டரப் போடு."

நைனார் மட்டும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "செகரட்ரி, குளிரு நம்ம ஊர்து தான். ஒத்துக்கறேன். ஆனா ஆறரை மணிக்கு நம்ம பசங்க இன்னா பண்ணிகினு இருப்பானுங்க? இழுத்துப் போர்த்தினு தூங்கிகினு இருப்பானுங்க. குளிரப் பாத்தவனே நம்ம ஊர்ல பால்காரனும் பேப்பர்காரனும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அன்று மாலையே தபால் அட்டை எழுதினேன். 'மாலையில் மைதானத்தில் வேறொரு நிகழ்ச்சி இருப்பதால், ஆட்டம் காலை ஆறரை மணிக்கே தொடங்கும். முதல் நாளே வந்து தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம்.' மைதானத்தில் எந்த நிகழ்ச்சியும் இல்லை. மாடு மேய்வதைத் தவிர.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வழக்கமாகத் தங்கும் பள்ளிக்கூட அறையில் ஜமக்காளம் விரித்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு லுங்கி, ஒரு துண்டு, அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார்கள். நாலு வீட்டில் கேட்டுப் போர்வை வாங்கித் தரலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை. அவர்களுடைய கேப்டன்தான் கோல்கீப்பரும். நல்ல உயரம், உப்புக்காற்றில் செம்பட்டையான தலைமுடி. நான் கிளம்பும்போது எழுந்து வந்து, "ரொம்ப நன்றி சார், லெட்டர் பாத்ததும் எங்களுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா" என்றார். அது எனக்குப் புரியவில்லை. நாகரிகத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு, ஸ்வெட்டர் போட்டு, காதை மறைத்து மஃப்ளர் சுற்றிக்கொண்டு அவர்களை எழுப்பப் போனேன். பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. அறையில் யாருமே இல்லை. பயந்துவிட்டேன். பின்பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடக் கிணற்றில் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் வாரி இறைத்துக் கும்மாளம். உடம்பிலிருந்து ஆவி கிளம்புகிறது.

"குளிரலையா?" என்று கேட்டேன்.

"இது குளிரா சார்?" என்றார் கேப்டன், தலையைத் துவட்டிக்கொண்டே. "நாங்க மூணு மணிக்கெல்லாம் கடல்ல இருப்போம். வாடக் காத்து மூஞ்சில அறையும், அலை மேல தெறிக்கும். உங்க ஊர்ல காத்தே இல்ல. சொகமா இருக்கு. ஆறரைன்னா எங்களுக்குப் பாதி நாள் போன மாதிரி."

அவர்கள் மீனவர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மீனவர்கள் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவார்கள் என்றுதான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கடல் என்றால் எனக்கு வெயிலும் மணலும்தான்.

மைதானத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் அணியில் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேரை வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி அழைத்து வந்தோம். எங்கள் நட்சத்திரம், சென்டர் ஃபார்வர்டு. தறிக்குழியில் மிதித்து மிதித்து உரமேறிய கால்கள். அந்தக் கால் பந்தை உதைத்தால் கோட்டைச் சுவர் அதிரும் என்போம். அன்றைக்குத் தலையில் துண்டைக் கட்டி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா இது பேஜாரா கீது" என்று என்னைப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் இந்த நேரத்துல ஆட்டத்த வெச்சது?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நைனார் சால்வையைப் போர்த்தியபடி என்னையே பார்த்துச் சிரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. அகழிப் பக்கமிருந்து பனி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஆளே தெரியவில்லை. எங்கள் பையன்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களோ இருட்டில் கடலில் கூப்பிட்டுப் பழகியவர்கள். "ஓ...ய்! வலப்பக்கம்!", "ஓ...ய்! இருக்கேன்!" என்று நீளமாகக் குரல் கொடுப்பார்கள். குரல் வந்த இடத்துக்குப் பந்து கச்சிதமாகப் போகும். கால் மணி நேரத்தில் ஒரு கோல் போட்டார்கள். பனிக்குள் யார் அடித்தது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் எங்களவர்களுக்கு உடம்பு சூடேறியது. கூட்டமும் சேர்ந்தது. நான் அவர்களுடைய கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த ஆட்டத்துக்குக் கம்பத்தில் வலை கட்டவில்லை. குளிரில் பந்து எடுத்துப் போடவும் ஆள் இல்லை. என் தலையெழுத்து, நானே ஓடி ஓடி எடுத்துப் போட்டேன்.

கடைசி ஐந்து நிமிடம். பனிக்குள்ளிருந்து எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஓங்கி ஓர் உதை விட்டார். கேப்டன் பாய்ந்து விழுந்தார். பந்து கம்பத்தை ஒட்டி வந்து, என் முழங்காலை உரசிக்கொண்டு பின்னால் போனது. அடுத்த நொடி "கோல்!" என்று ஊரே அலறியது. துண்டுகள் வானத்தில் பறந்தன. சைக்கிள் கடைக்காரர் யாரையோ தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அது கோல் இல்லை. கம்பத்துக்கு வெளியே, ஒரு சாண் தூரத்தில் போனது. அதைப் பார்த்தவன் அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான்.

வேலூரிலிருந்து வந்திருந்த நடுவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருக்கும் தெரியவில்லை, கோட்டில் நின்றவருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் கேப்டனைப் பார்த்து, "நீ சொல்லுப்பா, உள்ளயா வெளியயா?" என்றார்.

கேப்டன் கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்தார். "நான் விழுந்துட்டேன் சார், பாக்கல. பொய் சொல்லக் கூடாது. இந்த சார்தான் கம்பத்துக்குப் பின்னால நின்னாரு. அவரு என்ன சொல்றாரோ அதுக்கு நாங்க கட்டுப்படறோம்."

அவர்கள் ஆள் ஒருவர் முணுமுணுத்தார். "அவரு இந்த ஊர்க்காரராச்சே..."

"இருக்கட்டும்டா" என்றார் கேப்டன். "நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுசன் அவரு."

எந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்? போர்வைகூடத் தராதவன் நான். தபால் அட்டையில் கூசாமல் பொய் எழுதியவன். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் ஊர் ஆடிக்கொண்டிருக்கிறது. 'உள்ளே' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"வெளிய போச்சு சார்" என்றேன்.

சென்டர் ஃபார்வர்டு என் அருகில் வந்தார். "நெசமாவாண்ணா?"

"நெசம்பா. ஒரு சாண் வெளிய."

அடிப்பாரோ என்று பார்த்தேன். அவர் குனிந்து தன் வலது காலைத் தேய்த்துக்கொண்டார். "அப்டியா? எனுக்கே தெர்லண்ணா. காலு மரத்துப் போச்சு, இன்னா ஒதச்சேன்னே புரில" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. மற்றவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். சைக்கிள் கடைக்காரர் மட்டும், "யோவ், நீ யாருக்குய்யா செகரட்ரி?" என்று என் மஃப்ளரைப் பிடித்து இழுத்தார். நைனார் அவரை விலக்கிவிட்டு, "வாங்கப்பா, பொங்கல் ஆறிடும்" என்று எல்லோரையும் கூப்பிட்டார். மண்டியிலிருந்து அரிசி கொடுத்து, ஓட்டலில் சொல்லி, இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரு அண்டா வெண்பொங்கல் போடச் சொல்லியிருந்தார். "விடிகாலையில ஆடினா எவன் ஜெயிச்சாலும் பசிக்கும்" என்றார்.

மைதானத்து ஓரத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார்கள். நான் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. இலையோடு போய்க் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி எதுவும் இல்லை, உங்களைக் குளிரில் விறைக்க வைக்கத்தான் நேரத்தை மாற்றினேன் என்று.

அவர் கை பாதியில் நின்றது. என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், பொங்கல் புரையேறி, பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"டேய், கேட்டீங்களாடா? நாம குளிர்ல செத்துருவோம்னு சார் நெனச்சாராம்டா!"

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சாயங்காலம் ஆடினா எங்களுக்கு ராத்திரி பஸ் இல்ல சார். திங்கக்கெழம போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும், ஒரு நாள் தொழில் போச்சு. போன ரெண்டு தடவையும் வீட்ல ஒரே சண்ட. இனிமே ஆரணிக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. உங்க லெட்டர் வந்துச்சு. காலையில ஆட்டம், பத்து மணி பஸ் ஏறினா நாளைக்கு விடிய கடலுக்குப் போயிடலாம். எங்க பொழப்பு தெரிஞ்ச யாரோ நல்ல மனுசன்தான் நேரத்த மாத்தியிருக்காருன்னு ஊரே பேசிச்சு. எங்க அம்மா உங்களுக்கு விளக்கேத்திச்சு சார்!"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ எச்சில் படாத இடது கையால் என் தோளை அணைத்துக்கொண்டு, "மாத்தி நெனச்சாலும் நல்லதுதான் நடந்திருக்கு. சாப்டுங்க சார்" என்றார். நைனார் எதிரே உட்கார்ந்து, "செகரட்ரி, மூணு கோல் எங்கப்பா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நானும் சிரித்தேன். பொங்கல் அமிர்தமாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது எந்த நேரம் வசதி என்று இரண்டு அணிகளையும் கேட்டு, பொய் கலக்காமல் எழுதினேன். குப்பத்துக்காரர்களுக்குக் காலை வேண்டும், மற்ற அணிக்கு எதுவானாலும் சரி. ஆறரைக்கே வைத்தோம். எங்கள் அணி ஆடாத அந்த ஆட்டத்துக்கு ஊரே போர்வையோடு வந்து நின்று, "ஓ...ய்!" என்று குப்பத்துக்காரர்களுக்காகக் கத்தியது. எங்கள் சென்டர் ஃபார்வர்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். அவர்கள் ஜெயித்தபோது, சைக்கிள் கடைக்காரர் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் எந்த ஆட்டமானாலும் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வேன். ஆனால் என்னை யாராவது தகுதிக்கு மீறி நல்லவன் என்று நம்பிவிட்டால், அவர்களைத் திருத்தப் பார்ப்பதைவிட அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்வதே சுலபம் என்று, பனி மூடிய ஒரு காலையில் கண்ணில் மண்ணோடு எழுந்து நின்ற அந்த மனிதரிடம் கற்றுக்கொண்டதை மட்டும் நான் இன்றுவரை மறக்கவில்லை.