எழுதாமல் விட்ட பதினான்கு பிழைகள்

வசந்தரூபிக்கு ஒரு பந்தை ஒழுங்காக எறியத் தெரியாது. ஒரேயொரு தடவை எறிந்து பார்த்தாள். அது அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. ஆனாலும் பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய சென் தெனிப் பக்கத்து ‘முவானோ’ பேஸ்போல் கழகத்தில் எந்தப் பிள்ளை மேலே வரும், எது வராது என்று தெரியவேண்டுமானால், பயிற்சியாளர்கூட அவளிடம்தான் வந்து நிற்பார். உலகத்தில் இப்படியும் நடக்கும்.

வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அவள் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஞானசுந்தரத்தின் மரக்கறிக்கடையில் நிற்பாள். நாற்பத்தொன்பது வயது. வாழைப்பொத்தியைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே கறுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஞாயிறுதான் கடைக்கு ஆட்கள் அள்ளுப்பட்டு வருகிற நாள். அந்த ஞாயிறை லீவாகக் கேட்டு, முதலாளியோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, வென்று காட்டியவள்.

இந்த விளையாட்டுக்கு அவளை இழுத்துவந்தது மகள் அக்‌ஷரா. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கழகத்தில் சேர்ந்தாள், இரண்டு வருடத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள், இப்போது லியோனில் படிக்கிறாள். தாய்தான் விடவில்லை. மகளைக் காத்துக்கொண்டு வெறுமனே குந்தியிருக்கப் பிடிக்காமல், பக்கத்திலிருந்து ஸ்கோர் எழுதிய கிழவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகி, அவர் ஊர் மாறிப் போனதும் புத்தகத்தைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். கணவர் புண்ணியமூர்த்தி இதை ‘வெள்ளைக்காரன்ரை கிட்டிப்புள்ளு’ என்றுதான் சொல்வார். சொன்னாலும் ஞாயிறு காலையில் அவளுக்குத் தேத்தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுப்பவரும் அவர்தான்.

ஒவ்வொரு ஜூனிலும் கழகம் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் முதல் பத்துப் பேரை வரிசைப்படுத்தும். எறிகிற கை, ஓடுகிற கால், அடி, பிடி, விளையாட்டு மூளை என்று ஐந்துக்கும் தனித்தனியாகப் புள்ளி, கடைசியில் ஒரு வசனம். ‘இவன் இன்றைக்கு நல்லவன், இரண்டு வருடத்தில் இவனைவிட இவள் நல்லவள்’ என்று சொல்வதுதான் அதில் சூட்சுமம். இன்றைய கெட்டித்தனத்தை எந்தக் குருடனும் எழுதுவான். பெரிய கழகம் ஒன்று அந்த வரிசையைப் பார்த்து, முதலாவது பிள்ளையைத் தன் பயிற்சி விடுதிக்கு எடுத்துக்கொள்ளும். அங்கேயே படிப்பு, அங்கேயே பயிற்சி. இடம் ஒன்றே ஒன்று.

பயிற்சியாளர் செபஸ்டியன் பாண்டிச்சேரிக்காரர், மேரியில், அதாவது நகரசபையில், வேலை. தன் கண்ணை நம்பாதவர். “மதாம், கண்ணுக்குப் பிடிச்ச பிள்ளை, பிடிக்காத பிள்ளைன்னு இருக்கு. உங்க புஸ்தகத்துக்கு அது கிடையாது” என்பார். அதைக் கேட்க வசந்தரூபிக்குப் பெருமை தாங்காது. ஆனால் போன செப்டெம்பரிலிருந்து அவளுடைய புத்தகத்துக்கும் பிடித்த பிள்ளை ஒன்று வந்துவிட்டது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எழில்வேந்தன் என்று பெயர், பதின்மூன்று வயது. வன்னியிலிருந்து தாயோடு வந்து மூன்று வருடம். தகப்பன் கலைமாறன் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் குசினி வேலை. ஞாயிறு மத்தியான வேலை முடிந்து, கால்சட்டையில் கோதுமை மாவோடு, மட்ச் முடிகிற நேரத்தில்தான் வந்து சேருவான். விளையாட்டு அவனுக்கு விளங்காது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு ஒரேயொரு எழுத்தைக் காட்டிக்கொடுத்திருந்தான்: E. பிழை. வந்ததும் வராததுமாக ஸ்கோர் புத்தகத்தை வாங்கி, மகனுடைய பெயருக்கு நேரே விரலை ஓட்டுவான். E இருந்தால் வீடு இருக்கிற பியர்ஃபித் போய்ச் சேரும்வரை ரயிலில் பொடியனுக்கு அர்ச்சனைதான். ஒருநாள் வசந்தரூபியும் அதே பெட்டியில் இருந்தாள். பொடியன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சியதைப் பார்த்தாள். பெற்ற வயிறு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு எழிலுக்கு நேரே ஒரு பந்து உருண்டு வந்தது. குனிந்தான், பந்து காலுக்கிடையால் போய்விட்டது. பென்சில் E-யைப் போடப் போய் நின்றது. இதில் சட்டம் ஒன்றுதான்: பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் அது பிடிக்கிறவனின் பிழை, ஒருவராலும் பிடிக்க ஏலாத பந்தென்றால் அது அடித்தவனின் கெட்டித்தனம், ‘ஹிட்’. எது எது என்று தீர்மானிப்பவர் ஸ்கோர் எழுதுகிற ஆள். வசந்தரூபி ‘ஹிட்’ என்று எழுதினாள். எழுதியபிறகு மனது உறுத்தி, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி வைத்தாள். அன்றைக்குக் கலைமாறன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மகனின் தோளில் தட்டினான். அதைப் பார்த்தபோது அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. பிறகென்ன, கை பழகிவிட்டது.

ஜூன் இரண்டாம் ஞாயிறு வரிசை வந்தது. முதலாவது எழில்வேந்தன்: காலும் வேகம், புத்தகத்தில் கையும் சுத்தம். பந்து எறிகிற ஆரெலி போன வருடம் இரண்டாவதாக இருந்தவள், இந்த முறை ஆறாவது. செபஸ்டியன் அதைக் கழகக் கதவில் ஒட்டினார். வெள்ளிக்கிழமை பெரிய கழகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். கலைமாறன் அந்தத் தாளைப் பத்துத் தடவை படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். குசினியிலிருந்து ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்து, “எல்லாம் உங்களாலைதான் அக்கா” என்றான். அவன் பாட்டுக்குச் சொன்னான். அவள் ஒன்றைக்கூட எடுக்காமல் பெட்டியைப் பிள்ளைகள் பக்கம் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆரெலி தாய் ரோசாலியோடு கடைக்கு வந்தாள். தாய் முருங்கைக்காய் பொறுக்க, மகள் வசந்தரூபியிடம் வந்து நின்றாள். பதினாலு வயது, நெட்டையான பிள்ளை, அலட்டல் கிடையாது. ஆறாவதாகப் போனதைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்கு எதைத் திருத்தவேண்டும் என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டாள். கேட்டுவிட்டு, தாழ எறிகிற பந்தைத் தான் குளிர்காலத்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

வசந்தரூபி கத்தரிக்காயைக் கூடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தத் தாழ்ந்த பந்துதான் ஆரெலியின் சொத்து. அடிக்கிறவன் எவ்வளவு முறுக்கினாலும் பந்து நிலத்தில் உருண்டுதான் போகும். அதை ஏன் விட்டாய் என்று கேட்டாள்.

புத்தகத்தைப் பார்த்துத்தான் விட்டேன் என்றாள் பிள்ளை. தாழ எறிந்தால் இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவாலே எல்லாரும் ஹிட் அடிக்கிறார்களாம், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஆகவே இப்போது உயர எறிந்து பழகுகிறாளாம். தோள் கொஞ்சம் நோகிறதாம், பரவாயில்லையாம்.

அந்த நடுவில் நிற்பவன் எழில். பிழையில் வந்த ஓட்டம் எறிகிறவளின் கணக்கில் ஏறாது. ஹிட்டில் வந்த ஓட்டம் அவள் தலையில்தான் விடியும். இது வசந்தரூபிக்குத் தெரியாததா? பத்து வருடமாகத் தெரியும். ஒரு பொடியனின் கண்ணீரைத் துடைக்கப்போய், அந்த ஈரத்தை இன்னொரு பிள்ளையின் முகத்தில் பிழிந்துவிட்டிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டுக்குப் போய்ச் சட்டைகூட மாற்றாமல் மேசையில் புத்தகத்தை விரித்தாள். புள்ளிகளை எண்ணினாள். பதினான்கு. அதில் பதினொன்று ஆரெலி எறிந்தபோது நடந்தவை. புண்ணியமூர்த்தி பக்கத்தில் வந்து நின்று, என்ன நடந்தது என்று கேட்டு, முழுவதையும் கேட்டு முடித்தார். அவருக்குப் பகிடி வரவில்லை.

“பேசாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ரூபி,” என்றார்.

“எனக்குத் தெரியுமே,” என்றாள். சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே இருந்ததை வெட்டி, E என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தாள். பதினான்கு கையெழுத்து.

வியாழன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேரி வாசலுக்கே புத்தகத்தைக் கொண்டுபோனாள். செபஸ்டியன் வாசல் மர வாங்கில் குந்தியபடி தாள் தாளாகப் புரட்டினார். அவள் ஒரு சாக்கும் சொல்லவில்லை. தகப்பன் ஏசுகிறானே என்று பாவம் பார்த்தேன், அவ்வளவுதான் என்றாள். அவர் புத்தகத்தை மூடினார். தகப்பன் ஏசினால் தகப்பனிடம் பேசியிருக்கவேண்டும், புத்தகத்திடம் ஏன் பேசினீர்கள் என்று கடைசியில் கேட்டார்.

“புது வரிசை நாளைக்குப் போகும். ஆரெலி முதல், எழில் அஞ்சாவது,” என்றார் செபஸ்டியன். “அடுத்த வருஷம் வரிசை போட உங்களைக் கேக்க மாட்டேன் மதாம். ஸ்கோர் மட்டும் எழுதுங்க. பேனாவுல எழுதுங்க.”

அவள் தலையாட்டினாள். அழுகை வந்தது, ஆனால் அது தன் மேல் வந்த அழுகை என்பதால் அவர் முன்னால் அழாமல் ரயிலுக்குள் ஏறி அழுதாள்.

வெள்ளிக்கிழமை புது வரிசை போனது, கழகக் கதவிலும் தாள் மாறியது. ஆரெலிக்கு இடம் கிடைத்ததாகச் சனிக்கிழமை ரோசாலி கடைக்கு வந்து சொல்லி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள். கலைமாறன் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. ஊருக்கெல்லாம் படம் அனுப்பியவன் அல்லவா, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஞாயிறு அவன் வந்தான். குசினி வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு, என்றைக்கும் இல்லாதபடி மட்ச் தொடங்க முன்னரே மகனோடு வந்து அவளுடைய மேசைக்கு முன்னால் நின்றான். வசந்தரூபி எழுந்தாள். தானாகவே புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அவன் விரலை ஓட்டினான். சிவப்புச் சிவப்பாக E.

“நீங்கள் எங்கடை ஆள் எண்டெல்லோ அக்கா நான் நினைச்சன்,” என்றான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். “ஒண்டில் அப்பவே எழுதியிருக்க வேணும், இல்லாட்டி எழுதாமலே விட்டிருக்க வேணும்.”

“ஓம் தம்பி. பிழை என்னிலைதான்,” என்றாள் அவள்.

அவன் மகனிடம் திரும்பினான். ஏசப்போகிறான் என்று தெரிந்தது. ஆனால் பொடியன் தகப்பனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

“ஏன் அன்ரி அப்பவே எழுதேல்லை?”

“அப்பா ஏசுவார் எண்டு, அப்பன்.”

“அவர் எப்பவும் ஏசுறவர்தானே.” அதைத் தகப்பனுக்கு முன்னாலேயே சொன்னான். பிறகு கையுறையைப் பிசைந்துகொண்டு, குரல் இறங்கிச் சொன்னான்: “பந்தை விட்ட உடனை ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் திரும்பிப் பாப்பன். நீங்கள் ஹிட் எண்டு போடுவியள். மற்றவங்கள் விட்டால் E போடுறியள், எனக்கு மட்டும் இல்லை. இவனாலை உதெல்லாம் பிடிக்க ஏலாதெண்டு நீங்கள் முடிவெடுத்திட்டியள் எண்டுதான் நினைச்சன்.”

ஆரெலிக்குச் செய்த அநியாயத்தை நினைத்து ஐந்து நாள் வெந்த வசந்தரூபி, இந்தப் பிள்ளைக்காவது நல்லது செய்தேன் என்ற ஒரு மூலையை மனதில் ஒளித்துவைத்திருந்தாள். அந்த மூலையும் போய்விட்டது. மேசையைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றாள்.

“பதினாலையும் நீ பிடிச்சிருக்க வேணும்,” என்றாள். “பதினாலும் உன்னாலை பிடிக்கக்கூடிய பந்து. எனக்கு அது அப்பவே தெரியும்.”

அவன் ஓம் என்றான். சிரிக்கவில்லை. ஆனால் தோள் இரண்டும் கீழே இறங்கின. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான்.

கலைமாறன் புத்தகத்தைப் பிடித்தபடியே நின்றான். அந்த எழுத்தை இப்போதுதான் முதல்தடவை காண்பவன்போல வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “அப்ப, அக்கா, இது பிடிக்கத் தெரியாதவனுக்குப் போடுறதில்லையோ?”

“இல்லைத் தம்பி. தெரிஞ்சவனுக்குத்தான் போடுறது.”

அவன் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தான். ரயிலில் மகனுக்குச் சொன்னதெல்லாம் அந்த நேரம் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். பிறகு போய்க் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் மகன் விளையாடுவதை முதல் பந்திலிருந்து பார்க்கத் தொடங்கினான்.