வாசித்துப் பார்க்காமல் வாங்கிய பேஸ் கிட்டார்

மூணாறு பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்து இசைக்குழுவுக்காகக் கோயம்புத்தூர் போய்ப் பழைய பேஸ் கிட்டார் ஒன்று வாங்கினேன்.

"வாசிச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். கடையில் கச்சேரிக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அரைகுறையாகக் கற்ற நான் அவர்கள் முன் வாசிக்கக் கூச்சப்பட்டு, "வேண்டாங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் லயத்தில் மாரியம்மன் திருவிழா. ஊர் திரும்பும் பஸ் தாமதமாகி, நேராக மேடைக்கே போனேன். கொழுந்தெடுக்கும் செல்வி அன்றுதான் முதன்முதலாகப் பாட வந்திருந்தாள். பாட்டு தொடங்கியதும்தான் கிட்டாரின் கழுத்து வளைந்திருப்பது தெரிந்தது. விரல் மேலே போகப் போகச் சுருதி விலகியது. நான் நிறுத்தவில்லை. என் சத்தத்தில் குழம்பி அவளும் சுருதி தவறினாள். கூட்டம் சிரித்தது. பாதிப் பாட்டில் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள்.

கச்சேரி முடிந்ததும் அவளைத் தேடிப் போய், "தப்பு உன் மேல இல்லம்மா, கிட்டார்தான் கோணல். பாக்காம வாங்கிட்டேன்" என்றேன்.

"அதை மைக்குல சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள்.

இப்போது டார்ச் லைட் வாங்கினாலும் கடையிலேயே எரியவிட்டுப் பார்க்கிறேன். சிரிப்பவர்கள் என்னைப் பார்த்தே சிரிக்கட்டும்.